கிட் டின்னிலிருந்து பில்ஸ்னர் பீர்: முதல்முறை செய்பவர்களுக்கு

பீர் கிட் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் மூன்றே பொருள்கள் இருக்கும்: 1.7 கிலோ எடையில் ஒரு டின், அதன் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஈஸ்ட் பொட்டலம், செய்முறை அச்சிட்ட ஒரு தாள். டின்னுக்குள் இருப்பது தேன் பதத்தில் கெட்டியான பாகு. பார்லியை முளைகட்டி உலர்த்தி மால்ட் ஆக்கி, அதை வெந்நீரில் ஊறவைத்து, இறங்கும் இனிப்பு நீரில் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் கசப்பைச் சேர்த்து, தண்ணீரை வற்றவைத்து எடுத்த சாறு அது. ஒரு நாள் முழுக்க அடுப்பருகே நின்று செய்யவேண்டிய வேலையை ஆலை உங்களுக்காக முடித்துக் கொடுத்திருக்கிறது. மிச்சமிருப்பது தண்ணீர் சேர்ப்பதும், ஈஸ்ட் போடுவதும், காத்திருப்பதும்தான்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கிட் வகைகளிலேயே முதல்முறை செய்பவர்களை அதிகம் ஏமாற்றுவது பில்ஸ்னர்தான். கறுத்த, வறுத்த மால்ட் மணம் வீசும் பீரில் சின்னத் தவறுகள் அமுங்கிப்போகும். பில்ஸ்னர் வெளிர்பொன் நிறம், மெல்லிய உடம்பு (வாயில் உணரும் கனம்), சுத்தமான கசப்பு, அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பீர். ஈஸ்ட் செய்த ஒவ்வொரு தப்பும் நாக்கில் தெரியும். அதனால் இதில் கவனமெல்லாம் ஈஸ்ட் மேல்தான் இருக்கவேண்டும். டின் இரண்டாம் பட்சம்.

பில்ஸ்னர் என்றால் என்ன

பெயர் ஊரிலிருந்து வந்தது. இன்றைய செக் குடியரசில், பொஹீமியாவில் உள்ள பில்சன் நகரத்தின் புதிய மதுவடிப்பாலையில், ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த ஜோசஃப் க்ரோல் 1842-இல் இந்த பீரை முதன்முதலாகக் காய்ச்சினார். அவர் கையில் நான்கு பொருள்கள் சேர்ந்தன: வெளிர் நிறத்தில் உலர்த்திய மால்ட், அந்தப் பகுதியின் சாஸ் ஹாப்ஸ், உப்புகள் மிகக் குறைந்த மென்னீர், குளிரில் மெதுவாக வேலை செய்யும் பவேரிய லாகர் ஈஸ்ட். இந்த நான்கில் எது மாறினாலும் கிடைப்பது வேறு பீர்.

கிட் டின் இவற்றில் இரண்டை மட்டும் தருகிறது: மால்ட், ஹாப்ஸின் கசப்பு. தண்ணீர் உங்களுடையது. ஈஸ்ட் விஷயத்தில்தான் குழப்பம் ஆரம்பமாகிறது.

பீர் ஈஸ்டில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் ஒத்துவரும், வேகமாக நொதிக்கும், பழ வாசனை கொஞ்சம் விடும். லாகர் ஈஸ்ட் 10 முதல் 14 டிகிரியில் நிதானமாக நொதித்து, வாசனை அதிகம் விடாமல் ஒதுங்கிக்கொள்ளும். இந்த லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். சாதாரண ஏல் ஈஸ்டும் குளிரைத் தாங்கும் இன்னொரு இனமும் சேர்ந்து பிறந்தது. அந்தக் குளிர்ப் பெற்றோரைத் தென் அமெரிக்காவின் பத்தகோனியக் காடுகளில் கண்டதாக ஆய்வாளர்கள் 2011-இல்தான் அறிவித்தார்கள். பில்ஸ்னரின் ‘சுத்தம்’ என்று நாம் சொல்வது பெருமளவு இந்த ஈஸ்டின் அடக்கம்தான்.

டின்னில் ‘பில்ஸ்னர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், மூடிக்கு அடியில் இருப்பது ஏல் ஈஸ்டாக இருக்கலாம். கண்டுபிடிப்பது சுலபம். செய்முறைத் தாளில் ‘18 முதல் 25 டிகிரியில் வையுங்கள்’ என்று இருந்தால் அது அநேகமாக ஏல் ஈஸ்ட். யாருடைய வீட்டு அறையிலும் வேலை செய்யவேண்டும் என்பதற்காக அப்படிக் கொடுக்கிறார்கள். அதில் வருவது நல்ல, வெளிர்நிற ஏல்; பில்ஸ்னர் ஆகாது. 10 முதல் 14 டிகிரி என்றிருந்தால் லாகர் ஈஸ்ட். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு: பொட்டலம் 5 முதல் 7 கிராம்தான் இருக்கும். குளிரில் நொதிக்க லாகர் ஈஸ்டுக்கு ஏல் ஈஸ்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு படை வேண்டும். 20 லிட்டருக்கு 20 முதல் 23 கிராம் உலர் ஈஸ்ட், அதாவது 11.5 கிராம் பொட்டலம் இரண்டு. கிட்டுக்கு மேல் ஒரே ஒரு செலவு செய்வதென்றால் அது இந்த ஈஸ்ட்டாக இருக்கட்டும். சாஃப்லாகர் டபிள்யூ-34/70 என்ற உலர் லாகர் ஈஸ்ட் பரவலாகக் கிடைக்கும். சின்னப் பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளும். முதல்முறைக்கு அதுவே போதும்.

என்னென்ன வேண்டும்

உணவுத்தர பிளாஸ்டிக்கில் 25 முதல் 30 லிட்டர் கொள்ளும், இறுக மூடும் நொதிகலன் ஒன்று. அடியில் குழாய் இருந்தால் நல்லது. மூடியில் செருக, உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத ஏர்லாக். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், அதற்கான உயர்ந்த அளவுக்குழல், தெர்மோமீட்டர். பாட்டிலில் அடைக்க இன்னொரு வாளி, உறிஞ்சுகுழாய், பழுப்பு நிற பீர் பாட்டில்கள், 26 மில்லிமீட்டர் கிரௌன் மூடிகள், அவற்றை இறுக்கும் கருவி. கலனை நிற்கவைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜ். இதோடு ஒரு கிலோ வெளிர்நிற உலர் மால்ட் தூள்.

மால்ட் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. கிட் தாள்கள் பெரும்பாலும் ‘ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து 23 லிட்டர் ஆக்குங்கள்’ என்று சொல்லும். வெறும் சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாகிப் போய்விடும். வாயில் எதுவும் மிச்சம் வைக்காது. தண்ணியாக, சப்பென்று இருக்கும். அதற்குப் பதில் மால்ட் தூள் போடுங்கள். 23-க்குப் பதில் 20 லிட்டரோடு நிறுத்துங்கள். கணக்கு இப்படி (தண்ணீரின் அடர்த்தி 1.000; அதற்கு மேல் ஒவ்வொரு 0.001-உம் ஒரு புள்ளி): 1.7 கிலோ பாகு ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 510 புள்ளி அடர்த்தி தரும். ஒரு கிலோ மால்ட் தூள் 365 புள்ளி. மொத்தம் 875. 20 லிட்டரால் வகுத்தால் 44. அதாவது தொடக்க அடர்த்தி 1.044. பில்ஸ்னர் வகைக்குச் சொல்லப்படும் வரம்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. 23 லிட்டரில் அதே சரக்கு 1.038 தான் வரும். அளவைக் குறைப்பதால் கசப்பும் சுமார் 15 சதவீதம் கூடுகிறது. பில்ஸ்னர் கசப்பு உள்ள பீர். இந்தக் கூடுதல் அதற்கு வேண்டியதுதான்.

டின்னின் அடியில் உள்ள தேதியைக் கட்டாயம் பாருங்கள். பாகு நாள்பட நாள்பட, அதுவும் வெப்பமான இடத்தில், கறுத்துக்கொண்டே போகும். பழைய டின்னில் பொன் நிறம் வராது; செம்பு நிறம் வரும், கூடவே ஒரு பழஞ்சுவை. ‘கிட் பீர் என்றாலே ஒரு மாதிரி சுவை’ என்று பலர் சொல்லும் குறைக்குப் பெரும்பாலும் பழைய டின்தான் காரணம்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் நிறைய பீர் கெடுகிறது. அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. முதலில் வாசனையில்லாத சுத்திகரிப்புத் தூளும் வெந்நீரும் கொண்டு மென்மையான துணியால் கழுவி அலசுங்கள். இரும்பு நார் வேண்டாம். பிளாஸ்டிக்கில் விழும் கீறலுக்குள் பாக்டீரியா குடியேறிவிட்டால் பிறகு எடுக்கமுடியாது. அதன்பின் கிருமிநாசினி. அலசத் தேவையில்லாத அமில வகை கைக்கு எளிது: பொட்டலத்தில் சொன்ன அளவுக்குக் கலந்து, எல்லா இடத்திலும் நனைத்து, சொன்ன நிமிடங்கள் விட்டு, வடித்தால் போதும்.

குழாயுள்ள கலன் என்றால் அந்தக் குழாயைக் கழற்றிக் கழுவுங்கள். உள்ளே திருகு மரைகளில் முந்தைய முறையின் மண்டி காய்ந்து பழுப்பாக ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும்; ஆனால் பாட்டிலுக்குப் போகும் ஒவ்வொரு சொட்டும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போகும். இரண்டு மாதம் கழித்துப் புளிக்கும் பீரில், குற்றவாளி பல சமயம் இந்தக் குழாய்தான்.

தண்ணீர்

குடிக்கச் சுவையாக இருந்தால் அநேகமாகச் சரி. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், ஈஸ்ட் உண்டாக்கும் சேர்மங்களோடு அது சேர்ந்து மருந்துக்கட்டு வாசனை கொடுக்கும். மிகமிகச் சிறிய அளவே போதும். கொதிக்கவைத்து ஆறவைத்தால் குளோரின் போய்விடும். குளோரினுக்குப் பதிலாகச் சில ஊர்களில் சேர்க்கும் குளோரமின் அப்படிப் போகாது. அதற்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரையில் பாதியை 20 லிட்டரில் நசுக்கிக் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடியும். அடுத்தது கடினத்தன்மை. மிகவும் உப்பான தண்ணீரில் கசப்பு முரட்டுத்தனமாக, நாக்கைச் சுரண்டுவது போல வரும். ஆர்.ஓ. தண்ணீரைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஈஸ்டுக்கு வேண்டிய தாதுக்கள் மால்ட் சாற்றிலேயே இருக்கின்றன. பில்சனின் மென்னீருக்கு அருகில் போக இதுவே எளிய வழி.

கலக்கும் நாள்

முந்தின நாளே 16 லிட்டர் தண்ணீரை மூடிய, கிருமி நீக்கிய பாத்திரங்களில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் பின்னால் திண்டாடுகிறார்கள்.

டின்னை, லேபிளைக் கிழித்துவிட்டு, வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். பாகு இளகி எளிதாக வழியும். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, மால்ட் தூளைக் கொட்டிக் கலக்குங்கள். கொதிக்கும்போது தூளைக் கொட்டினால் பொங்கி வழியும். ஆவி பட்டாலே தூள் கட்டியாகும் என்பதால் பொட்டலத்தைப் பாத்திரத்தின் மேல் பிடித்தபடி நிற்காமல் ஒரே மூச்சில் கொட்டுங்கள். பிறகு டின் பாகு (ஹாப்ஸ் மணம் சேர்ப்பதென்றால், அடுத்த பத்தியில் சொல்வதை முதலில் முடித்துவிடுங்கள்). டின்னின் சுவரில் ஒட்டியதைக் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசி அதையும் சேருங்கள். பாகைச் சேர்த்தபின் கொதிக்கவைக்கவேண்டாம். தேவையில்லாமல் நிறம் கூடும்.

கிட்டில் கசப்பு உண்டு; ஹாப்ஸ் மணம் குறைவு. அந்தக் குறையைப் போக்க 20 கிராம் சாஸ் ஹாப்ஸ் போதும். மால்ட் தூள் கரைந்த நீரை மட்டும் மறுபடி கொதிநிலைக்குக் கொண்டுவந்து, மெல்லிய துணிப்பையில் ஹாப்ஸைக் கட்டிப் போட்டு, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடிவைத்து எடுத்துவிடுங்கள். அதன் பிறகு பாகைச் சேர்க்கலாம். மூலிகையும் பூவும் கலந்த அந்த மணம் வந்தால்தான் கோப்பையை மூக்கருகில் கொண்டுபோகும்போதே இது பில்ஸ்னர் என்று தெரியும்.

இந்தச் சூடான கலவையைக் கலனில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீரால் 20 லிட்டர் கோடுவரை நிரப்புங்கள். நிரப்பும்போது உயரத்திலிருந்து, தளதளவென்று நுரைக்க ஊற்றுங்கள். பீரின் வாழ்க்கையில் காற்று நல்லது செய்யும் ஒரே கட்டம் இதுதான். ஈஸ்ட் பெருகுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். நொதிப்பு தொடங்கிய பிறகு அதே ஆக்சிஜன் பீரை ஈர அட்டைப்பெட்டி வாசனைக்குக் கொண்டுபோகும்.

இப்போது நன்றாக, அடிவரை கரண்டி போகக் கலக்குங்கள். கனமான பாகு அடியில் தங்கி, மேலே தண்ணீர் நின்றால் ஹைட்ரோமீட்டர் 1.030 என்றோ, அடிக்குழாயில் எடுத்தால் 1.060 என்றோ காட்டிப் பயமுறுத்தும். பாகும் தூளும் முழுக்கப் போட்டு, அளவு 20 லிட்டர் என்றால் அடர்த்தி 1.044-ஐ ஒட்டித்தான் இருக்க முடியும். காட்டும் எண் வேறென்றால் கலக்கியது போதவில்லை என்று அர்த்தம்.

குளிர்ந்த தண்ணீர் சேர்த்தும் கலவை 16 டிகிரி அளவில் நிற்கும். ஈஸ்ட் போட 12 டிகிரி வேண்டும். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கவேண்டிய இடம் இது. மூடியை இறுக்கி, கலனை ஃபிரிட்ஜில் வைத்து, சில மணி நேரமோ ஓர் இரவோ விடுங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் அந்த இரவில் எதுவும் ஆகாது. சூட்டில் ஈஸ்டைப் போட்டுவிட்டுப் பிறகு குளிரவைப்பது பழைய தாள்கள் சொல்லும் வழி. ஈஸ்ட் பெருகும் முதல் இரண்டு மூன்று நாளில்தான் பழ வாசனைச் சேர்மங்களும், வெண்ணெய் வாசனைக்கான மூலப்பொருளும் அதிகம் உருவாகின்றன. அந்த நாட்களைச் சூட்டில் கழித்துவிட்டு அப்புறம் குளிரவைத்துப் பெரிய பயன் இல்லை.

12 டிகிரி வந்ததும் இரண்டு பொட்டல ஈஸ்டையும் மேற்பரப்பில் பரவலாகத் தூவி, மூடி, ஏர்லாக்கில் பாதி அளவு கிருமிநாசினி நீர் ஊற்றிச் செருகுங்கள்.

நொதிப்பு: ஃபிரிட்ஜும் பீரும் ஒரே சூட்டில் இல்லை

ஃபிரிட்ஜின் சொந்தக் குமிழ் இந்த வேலைக்குப் போதாது. அது 4 டிகிரிக்காகச் செய்தது. வெளியிலிருந்து மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திக் கொடுக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றில் ஃபிரிட்ஜைச் செருகவேண்டும். அதன் உணரியை ஃபிரிட்ஜின் காற்றில் தொங்கவிடாதீர்கள். நொதிக்கும் பீர் தானே சூட்டை உண்டாக்கும். வேகமான நாட்களில் சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி மேலே இருக்கும். உணரியைக் கலனின் பக்கவாட்டில், திரவ மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே மடித்த துணி அல்லது தெர்மோகோல் துண்டு வைத்து டேப் போடுங்கள். 12 டிகிரி என்று வைத்தால் அப்போதுதான் பீர் 12-இல் இருக்கும்.

முதல் நாள் எதுவும் நடக்காது. 24 முதல் 48 மணி நேரம் அமைதியாக இருப்பது லாகருக்கு இயல்பு. இரண்டாம் நாள் வாக்கில் மூடியின் அடிப்பக்கம் வியர்க்கும். மேற்பரப்பில் வெள்ளைத் தீவுகளாக நுரை கூடும். மூன்றாம் நாள் அது ஒன்றாகி, பழுப்புப் புள்ளிகளோடு இரண்டு மூன்று விரல் உயரத்துக்கு நிற்கும். ஏல் ஈஸ்ட் போலப் பொங்கி மூடியைத் தள்ளாது. ஏர்லாக்கிலிருந்து அழுகிய முட்டை வாசனை வந்தால் கொட்டிவிடாதீர்கள். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. லாகர் ஈஸ்டின் குணமே அது. வாரங்களில் தானே பறந்துவிடும்.

ஏர்லாக்கில் குமிழி வரவில்லை என்பதை வைத்து நொதிப்பு நின்றது என்றோ, வருகிறது என்பதை வைத்து நடக்கிறது என்றோ முடிவு செய்யாதீர்கள். மூடி சற்றுக் கசிந்தால் வாயு வேறு வழியில் போய்விடும். அறைச் சூடு ஏறினால் முடிந்துபோன பீரிலும் குமிழி வரும். ஹைட்ரோமீட்டர் சொல்வதுதான் பேச்சு.

அதைப் படிக்கத் தெரியவேண்டும். குழலில் பீரை நிரப்பி ஹைட்ரோமீட்டரை இறக்கி, விரலால் ஒரு சுழற்று சுழற்றுங்கள். பீரில் கரைந்துள்ள வாயு, குமிழிகளாகக் கண்ணாடித் தண்டில் ஒட்டி அதைத் தூக்கிவிடும், சுழற்றினால் உதிரும். சுழற்சி நின்றதும் கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்டைத் தொடும் இடத்தில் திரவம் சற்று மேலேறி வளைந்திருக்கும். அந்த விளிம்பை விட்டுவிட்டுத் தட்டையான மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. 30 டிகிரியில் அளந்தால் 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும். அளந்த பீரைக் கலனில் திரும்ப ஊற்றாதீர்கள். குடித்துப் பாருங்கள், எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று சுவை சொல்லும்.

ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள், கலனைப் பெரிய தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போட்டால் 16 முதல் 18 டிகிரியில் பிடித்துவைக்கலாம். மேலே சொன்ன டபிள்யூ-34/70 அந்தச் சூட்டிலும் ஓரளவு சுத்தமாகவே நொதிக்கும். அதுவும் முடியாமல் அறை 22 டிகிரிக்கு மேல் போகிறது என்றால் அந்தப் பருவத்தில் பில்ஸ்னர் வேண்டாம். வேறு வகை டின் வாங்குங்கள். மனம் நோகச் சொல்லவில்லை. இரண்டு மாத உழைப்பு, வாழைப்பழ மணத்தில் முடியவேண்டாம் என்றுதான்.

வெண்ணெய் வாசனையை வெளியேற்றும் மூன்று நாள்

ஏழெட்டு நாளில் அடர்த்தி 1.018, 1.016 என்று இறங்கியிருக்கும். இந்த நேரத்தில் தெர்மோஸ்டாட்டை 17 டிகிரிக்கு உயர்த்துங்கள். குளிர்தான் முக்கியம் என்று இவ்வளவு சொல்லிவிட்டு இப்போது சூடேற்றச் சொல்வது முரணாகத் தோன்றலாம். காரணம் டைஅசிட்டைல் என்ற சேர்மம். உருகிய வெண்ணெய் போல மணக்கும், நாக்கில் வழுக்கும். பெருகும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் மெல்ல மெல்ல இதுவாக மாறுகிறது. மாறியதை அதே ஈஸ்ட் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் இரண்டுமே குளிரில் ஆமை வேகம். சூடேற்றினால் மாற்றமும் வேகம், உறிஞ்சுவதும் வேகம். வாசனைகள் உருவாகும் கட்டம் ஏற்கெனவே கடந்துவிட்டதால் இப்போது சூட்டால் கெடுதல் இல்லை.

போதுமா என்று அறிய எளிய சோதனை உண்டு. இரண்டு சிறு கண்ணாடிக் குவளைகளில் கலனிலிருந்து பீர் எடுங்கள். ஒன்றை மூடி, 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, பிறகு குளிர்ந்த நீரில் ஆறவையுங்கள். இரண்டையும் மூடியைத் திறந்ததும் முகருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாசனை என்றால், அந்த மூலப்பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறது; இப்போது பாட்டிலில் அடைத்தால் பாட்டிலுக்குள்தான் அது வெண்ணெயாகும். இன்னும் இரண்டு நாள் விடுங்கள். இரண்டிலும் இல்லை என்றால் தாராளமாக அடுத்த கட்டம் போகலாம்.

அதற்குள் அடர்த்தி 1.010 அருகில் வந்திருக்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் நொதிப்பு முடிந்தது. தொடக்க அடர்த்தியிலிருந்து இதைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம்: 1.044-இலிருந்து 1.010 என்றால் சுமார் 4.5.

பாட்டிலில் அடைப்பது

இங்கே அவசரப்பட்டால் பீர் கெடுவதோடு நிற்காது, ஆளுக்குக் காயம். பாட்டிலுக்குள் வாயு வருவது, அடைக்கும்போது நாம் சேர்க்கும் சர்க்கரையை மிச்ச ஈஸ்ட் நொதிப்பதால். பில்ஸ்னருக்கு ஒரு லிட்டர் பீரில் சுமார் 2.5 லிட்டர் வாயு கரைந்திருக்கவேண்டும். 17 டிகிரியில் நின்ற பீரில் ஏற்கெனவே 0.9 லிட்டர் இருக்கும். மீதிக்கு லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை போதும். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் தூள்) என்றால் 7 கிராம்.

இப்போது, நொதிப்பு முடியாமல் 1.014-இலேயே அடைத்துவிட்டதாக வையுங்கள். மிச்சமுள்ள ஒவ்வொரு 0.001-க்கும் லிட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் வாயு வரும். நான்கு புள்ளிக்கு இரண்டு லிட்டர். 2.5 என்பது 4.5 ஆகிவிடும், சாதாரண பீர் பாட்டில் இதற்குச் செய்ததல்ல. வெடித்தால் கண்ணாடிச் சில்லு அறை முழுக்கப் பறக்கும். அதனால்தான் ஹைட்ரோமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம் என்கிறோம். விரிசலோ வாய் உடைந்ததோ ஆன பாட்டிலையும், திருகு மூடி வைத்த மெல்லிய கண்ணாடியையும் ஒதுக்கிவிடுங்கள்.

அடியில் மண்டியை விட்டால் 18.5 லிட்டர் அளவில் தெளிந்த பீர் கிடைக்கும். 111 கிராம் சர்க்கரையை ஒரு குவளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவைத்து, கிருமி நீக்கிய இரண்டாவது வாளியில் ஊற்றுங்கள். குழாயின் நுனி வாளியின் அடியில் படுத்துக் கிடக்கும்படி வைத்து, பீரைச் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். அந்தச் சுழலிலேயே சர்க்கரை கலந்துவிடும். மெதுவாக ஒரு முறை துழாவலாம், நுரைக்கக்கூடாது. பாட்டிலுக்கு ஒரு கரண்டி என்று தனித்தனியாகச் சர்க்கரை போடுவதைவிட இது சீராக வரும். கழுத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு மூடுங்கள். ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் நிரப்பி வையுங்கள். அதை அழுத்திப் பார்த்தால் மற்ற பாட்டில்களில் வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பாட்டில் பழுப்பு நிறமாக இருக்கட்டும். ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெயிலோ குழல்விளக்கோ தாக்கினால் துர்நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மம் உண்டாகும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் இதைத் தடுக்காது. அவைதான் இருக்கின்றன என்றால் அட்டைப்பெட்டிக்குள் மூடிவையுங்கள்.

குளிரில் கிடத்தல்

இரண்டு வாரம் 18 முதல் 20 டிகிரியில், இருட்டில். பிளாஸ்டிக் பாட்டில் கல் போல் இறுகியதும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றி 1 முதல் 4 டிகிரியில் நான்கு முதல் ஆறு வாரம் நிமிர்த்தி வையுங்கள். ‘லாகர்ன்’ என்றால் ஜெர்மன் மொழியில் சேமித்துவைத்தல்; லாகர் என்ற பெயரே இந்தக் காத்திருப்பிலிருந்து வந்தது. கந்தக வாசனை மறைவதும், மிதக்கும் ஈஸ்டும் புரதமும் அடியில் படிந்து பீர் தெளிவதும், கசப்பின் முனை மழுங்குவதும் இப்போதுதான். இரண்டாம் வாரத்தில் ஒன்றைத் திறந்து பார்க்கத்தான் தோன்றும். திறங்கள், ஒன்று மட்டும். ஆறாம் வாரத்தில் திறப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

அறைச் சூட்டில் தெளிவாக இருந்து குளிர்ந்தால் மங்குகிறதென்றால் அது புரதமும் பாலிஃபீனாலும் சேரும் குளிர்மங்கல். கண்ணுக்குத்தான் குறை, சுவைக்கு இல்லை. திறந்ததும் பீய்ச்சியடித்து, புளித்து, கழுத்தில் வெள்ளை ஆடை தெரிந்தால் அது கிருமித் தொற்று. ஒரு பாட்டிலில் மட்டும் என்றால் அந்த பாட்டில் சரியாகக் கழுவப்படவில்லை. எல்லாவற்றிலும் என்றால் கலன், வாளி, குழாய் மூன்றையும் சந்தேகப்படுங்கள். வாயுவே இல்லை என்றால் மூடி இறுகவில்லை, அல்லது இரண்டு வாரமும் பாட்டில் குளிரான இடத்தில் இருந்துவிட்டது; சூடான இடத்துக்கு மாற்றி இன்னும் பத்து நாள் கொடுங்கள்.

ஊற்றுவதற்கு முன் கோப்பையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். சோப்பும் எண்ணெயும் நுரையைக் கொன்றுவிடும். 6, 7 டிகிரியில், கோப்பையைச் சாய்த்து, பாட்டிலை நடுவில் நிமிர்த்தாமல் ஒரே சீராக ஊற்றி, கடைசியில் கோப்பையை நிமிர்த்தி இரண்டு விரல் நுரை எழுப்புங்கள். அடிக்கு வந்ததும் பாட்டிலின் தோளில் ஒரு வெள்ளைக் கோடு நகர்ந்துவரும். அது ஈஸ்ட் மண்டி. அது கழுத்தை எட்டுவதற்குள் நிறுத்திவிடுங்கள்.